மூக்கு தேய்ந்த சென்சார்

காகித ஆலையில் மரக்கூழ் அரைக்கும் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளிதான். உரசினால் இரண்டும் பாழ். அந்த இடைவெளியை அளந்து சொல்லும் சென்சாருக்கு மூக்கு நாளுக்கு நாள் தேய்ந்தது. அதனால் தினமும் காலையில் மூக்கை நீட்டி, சுழலும் தட்டை லேசாகத் தொட்டு, தன் அளவைப் பூஜ்யத்திலிருந்து சரிசெய்துகொள்ளும்.

"உனக்கே உன் மேல் நம்பிக்கை இல்லையே" என்று சலித்துக்கொண்டது தட்டு. "முன்னால் இருந்த சென்சார் ஒரு நாளும் இப்படித் தொட்டுப் பார்த்ததில்லையாம். சொன்னால் சொன்னதுதானாம்."

சென்சாருக்குக் கோபம் வரவில்லை. "அது சொன்னதை நம்பிச் சுற்றிய தட்டு இப்போது எங்கே அண்ணே?"

தட்டின் குரல் இறங்கியது.

"உரசிப் பிளந்து பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த இடத்தில்தான் என்னை மாட்டினார்கள்."

மறுநாள் காலையில் சென்சார் மூக்கை நீட்டக் கொஞ்சம் தாமதமானது.

"என்ன, இன்னும் தொடவில்லையே?" என்றது தட்டு.