மெஷின் நிக்கக்கூடாது

"நின்னா ஒரு உயிர் போயிடும்ணே. எப்படியாவது ஓட வைங்க."

அந்த வீட்டு மருமகள் வாசலிலேயே சொல்லிவிட்டாள். கரண்ட் போய் வெகு நேரமாகியிருந்தது. மூடிய அறைக்குள் அவள் புருஷனின் மூச்சு மெஷின் 'உஸ்' என்று ஓடிக்கொண்டிருக்க, கூடத்து மூலையில் இன்வெர்ட்டர் விடாமல் கத்தியது.

மெக்கானிக் பேட்டரியைத் தொட்டார். சுட்டது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"பகல் பூரா சார்ஜ் ஏறுதுண்ணே. ஏறினதெல்லாம் எங்கதான் போகுது?"

"நல்ல பேட்டரியே பத்துக் குடம் ஊத்தினா எட்டுக் குடம்தான் திருப்பித் தரும்மா. மிச்சம் சூடாப் போயிடும். இது கிழடு, பாதியைத் தானே குடிச்சிடுது. விழலுக்கு இறைச்ச தண்ணிதான். ராத்திரி பகலா ஓட்டுறீங்களா?"

"நிறுத்தினதே இல்ல."

கூடத்துக் கட்டிலில் இடுப்பொடிந்து கிடந்த மாமியார் தலையைத் திருப்பினாள். "ராத்திரி நான் தூங்கினப்ப ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தவன் எழுந்து வரல தம்பி. எனக்கும் எழுந்து போய்ப் பாக்க முடியல. இந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு ஒரு வாய் இறங்குது."

மெக்கானிக் கொண்டு வந்திருந்த புது பேட்டரியை எடுத்தார். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவதுதான் வழக்கம். அந்த இடைவெளியில் மெஷின் நின்றுவிடுமே! அதனால் புது பேட்டரியைப் பழையதோடு சேர்த்து மாட்டிவிட்டு, அப்புறம் பழையதை விடுவித்தார். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

'உஸ்' அறுபடவில்லை. மருமகள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்க, வயரில் மீட்டரைக் கவ்வ விட்டார். ஆள் மூச்சை இழுத்தால் எண் ஏறும், விட்டால் இறங்கும். எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறார். இங்கே எண் அசையவே இல்லை.

மூக்கில் மாட்டிய முகமூடி கழன்று கிடக்கிறதோ என்னவோ! மருமகள் தடுப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஜன்னல் சாத்திய அறை. கட்டிலில் சுருக்கமே இல்லாமல் விரித்த போர்வை. தலையணைமேல் குழாய் மட்டும் கிடந்து ஊதிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் உறையின் ஓரம் படபடத்தது. ஆள் இல்லை.

"அம்மா, இங்க..." என்று அவர் திரும்பியபோது, உள்ளே வந்த மருமகள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "என்னம்மா, புள்ள முழிச்சிட்டானா?"

"இல்ல அத்தே, நல்லாத் தூங்குறாரு" என்று உரக்கச் சொல்லிவிட்டு, மருமகள் மெக்கானிக்கைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"மெதுவாப் பேசுங்கண்ணே. அவரு ஆஸ்பத்திரியிலேயே போயிட்டாரு. அத்தைக்கு இன்னும் சொல்லல."