ஓசி பஸ்

முதியோருக்கான இலவச பஸ் டோக்கன்களை வாங்கிக்கொண்டு திரும்பிய கபாலியை, போக்குவரத்து அலுவலக பெஞ்சில் மனுவும் கையுமாக உட்கார்ந்திருந்த தி.நகர் ஜவுளிக்கடை முதலாளி தனபாலன் பிடித்துக்கொண்டார்.

“அநியாயத்தப் பாத்தியளா சார்? பொம்பளையாளுக்கு ஓசி பஸ்ஸாம்! எவன் வீட்டுப் பணம்? நான் கட்டுத வரி! ஓசியில கொடுத்துக் கொடுத்தே சனங்களைச் சோம்பேறியாக்கிட்டானுவ!”

கபாலி கூசிப்போய், டோக்கன்களைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். பாவம், ஐந்து மாடிக் கடைக்காரர் அழாத குறையாகப் புலம்பும்போது ஓசியில் போகிறவன் வாயைத் திறக்கலாமா?

“அதை நிறுத்தச் சொல்லித்தான் மனு கொண்டாந்திருக்கீங்களா அண்ணாச்சி?”

அவர் பதில் சொல்வதற்குள் அதிகாரி கூப்பிட்டார். மனுவை வாங்கிப் பிரித்து உரக்கவே படித்தார்.

“ஆடித் தள்ளுபடி முடியும்வரை, பெண்களுக்கான இலவச பஸ்கள் எல்லாம் எங்கள் கடை வாசலில் நின்று செல்ல வேண்டும். கூடுதலாகப் பத்து பஸ் விட்டு உதவ வேண்டும்...”

கபாலி டோக்கன்களை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“அப்போ இது மட்டும் ஓசி இல்லையா அண்ணாச்சி?”

தனபாலனுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

“ஏறுத பொம்பளையாளுக்குத்தான் சார் அது ஓசி. நம்மளுக்கு அது தொழில் வளர்ச்சில்லா!”