பதினொரு விநாடி

பச்சை விளக்கு எரிந்தது. அவர் மைக்கைத் தன் வாய்க்கு நேராக இறக்கினார்.

நான்கு நிமிடம்.

நகர மன்றத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இரண்டு நிமிடம்தான். தாய்மொழியில் பேசினால் மொழிபெயர்ப்புக்கும் சேர்த்து நான்கு. அமெரிக்காவில் இருபத்திரண்டு வருடம் மளிகைக் கடை நடத்தியவருக்கு ஆங்கிலம் வராதா என்ன. ஆனாலும் படிவத்தில் 'தமிழ்' என்று டிக் அடித்திருந்தார். இவர்களிடமிருந்து கறக்க முடிந்தது அந்த இரண்டு நிமிடம்தான்.

அதோடு, கோபம் அவருக்குத் தமிழில்தான் வரும்.

மொழிபெயர்க்க ஆள் இல்லை. ஆளுக்குப் பதில் இயந்திரம். சுவரில் பெரிய திரை.

"அஞ்சாவது தடவையா கண்ணாடிய ஒடச்சிட்டாங்கம்மா," என்றார்.

திரையில் ஆங்கிலம் ஓடியது. தாயே, ஐந்தாவது முறையாக என் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டார்கள்.

ஒன்பது உறுப்பினர்களும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். மூக்குக்கண்ணாடி முழுசாக இருந்தது.

"ஷாப் விண்டோ," என்றார் ஆங்கிலத்தில், அவசரமாக.

மொழி புரியவில்லை, தமிழில் பேசவும் என்றது திரை.

மன்றத் தலைவி கையை உயர்த்தினார். இயந்திரம் தன் வேலையைச் செய்யட்டும் என்றார். உங்கள் மொழியை நாங்கள் மதிக்கிறோம் என்றார். பக்கத்திலிருந்தவர் தலையாட்டினார். அவர்களுக்கு அவர்களையே எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது.



போன வியாழக்கிழமை, பட்டப்பகல். இரண்டு பேர். சாவகாசமாகக் கூடையை எடுத்து, சாவகாசமாக நிரப்பி, கூடையோடு போனார்கள். போகிற போக்கில் ஒருவன் முன்பக்கக் கண்ணாடியை இரும்புக் கம்பியால் அடித்துவிட்டுப் போனான். எதற்கு? சும்மா. கல்லாவிலிருந்த மனைவி செண்பகவல்லியின் மணிக்கட்டில் ஏழு தையல்.

போலீஸுக்குப் போன் செய்தார். செயலியில் பதிவு செய்யச் சொன்னார்கள். பதிவு செய்தார். உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது செயலி.

கடை வாசலில் மன்றம் நட்டு வைத்த பலகை அப்படியே இருந்தது. 'இது பரிவு வீதி.' சின்னத் திருட்டுக்கு இங்கே கைது கிடையாது. திருடுகிறவன் மனம் நோகக் கூடாது. தையல் போட்ட கைக்கு அந்தப் பரிவில் பங்கில்லை.

இவர்களுக்கு அவர் ஓட்டுப் போட்டதில்லை. பக்கத்து சலவைக்கடைக்காரர் போட்டார். அவர் கடையிலும் இப்போது கண்ணாடிக்குப் பதில் மரப்பலகைதான்.

காலையில் செண்பகவல்லி காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள். "போய் ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வாங்க. நம்ம தெருவுக்கு ஒரு போலீஸ்காரரு வருவாரா, மாட்டாரா? மாட்டாருன்னா பூட்டிரலாம். இனிமே என்னால அந்தக் கல்லாவுல உக்கார முடியாதுங்க."

இப்போது அதே கல்லாவில் உட்கார்ந்துதான் போனில் நேரலை பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவர் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "எங்க தெருவுக்கு ஒரு போலீஸ்காரர் வருவாரா, மாட்டாரா?"

திரையில் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது.

அது இன்றைய பட்டியலில் இல்லை என்றார் தலைவி. பரிவு வீதித் திட்டத்தை அடுத்த ஆண்டு மறுபரிசீலனை செய்யப் போகிறார்களாம். பிறகு முகம் மலர்ந்து, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நகரம் இலவசமாக மூக்குக்கண்ணாடி தருகிறது என்றார். ஒரு பெண் ஓடிவந்து அட்டையை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டார். நீட்டியதை வாங்காமல் இருந்து பழக்கமில்லை.

அவர் நேரத்தைக் காட்டும் கடிகாரம் பதினொரு விநாடி மிச்சத்தில் நின்றிருந்தது.

தலை தன்னால் லேசாகக் குனிந்தது. "வர்றேம்மா."

தாயே, நான் மீண்டும் வருவேன் என்றது திரை.

அரங்கம் கைதட்டியது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். தலைவி நெஞ்சில் கை வைத்து, உங்களுக்காகக் காத்திருப்போம் என்றார்.

அவர் கதவுப் பக்கம் மூன்று எட்டு வைத்தார். நின்றார்.

கிளம்பும்போது அந்த இன்னொரு வார்த்தையை அவர்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. வாயிலிருந்து வரவே கூடாது. தினமும் சாயங்காலம் கடையைப் பூட்டும்போதுகூட, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "போயிட்டு வரலாம்," என்றுதான் செண்பகவல்லி சொல்வாள். இருபத்திரண்டு வருடமாக.

திரும்பி வந்தார். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. ஓயும்வரை காத்திருந்தார்.

மைக் உயிரோடு இருந்தது.

"போறேன்."

திரையில் இரண்டே சொல். இந்த முறையும் இயந்திரம் தப்பவில்லை.

யாரும் கைதட்டவில்லை. தலைவி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே, கார் நிறுத்துமிடத்தில், போன் அதிர்ந்தது. குரல் செய்தி. பின்னணியில் கடை ஃப்ரிட்ஜின் உறுமல் கேட்டது.

"கேட்டேங்க," என்றாள் செண்பகவல்லி. "கதவுல தொங்குற போர்டத் திருப்பிட்டேன்."