நேருக்கு நேர் ஜன்னல்

பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணனும் தம்பியும் சென்னீர்குப்பத்தில் பக்கத்துப் பக்கத்து மனையில் ஒரே மாதிரி வீடு கட்டித்தரச் சொல்லி இன்ஜினியரான என்னிடம் கேட்டார்கள். அண்ணன் வீட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்துவிட்டு, நகலெடுக்க ‘சி.ஓ.’ தட்டுவதற்குப் பதில் இடவலம் மாற்றும் ‘எம்.ஐ.’ தட்டிவிட்டேன். கண்ணாடியில் தெரிவதுபோல் தம்பி வீடு திரும்பிக்கொண்டது. இரண்டு சமையலறை ஜன்னல்களும் நேருக்கு நேர்! கட்டி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

மன்னிப்புக் கேட்கவே கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே பந்தல்.

அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். “எங்க ஊட்டைப் பாத்து ஜன்னல் வெக்கச் சொன்னது தம்பிதானேம்மா? அதான் நானே போய்ப் பேசிட்டேன். கேட்டா கூச்சப்படுவான்னு கேக்கல.”

தலையாட்டினேன்.

வாசலில் தம்பி மடக்கினார். “அந்த ஜன்னல் அண்ணன் சொல்லித்தானே மேடம் வெச்சீங்க? நான் அவராண்ட கேட்டுக்கல.”

செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டு, அதற்கும் தலையாட்டினேன்.