பூனைக் குடும்பம்

“கேசவன் சார், இது உங்க ரோகிணி வரைஞ்சதாமே!”

ஜானகிராமன் நீட்டிய பிரிண்ட் அவுட்டைச் சுற்றி ஆபீஸ் கேன்டீனில் ஒரு கூட்டமே நின்றது. ஒன்பது மணி சீரியலின் மொத்தக் குடும்பமும் அதில் பூனைகளாக உட்கார்ந்திருந்தது. பட்டுப்புடவை கட்டி, மீசையில் பால் ஒட்டிய கொழுத்த வெள்ளைப் பூனை மாமியார். ஒரு காது கிழிந்த கறுப்புக் கடுவன் வில்லன் வக்கீல். எல்லோரும் தின்று முடித்த தட்டுகளுக்கு நடுவே, ஒட்டிய வயிறோடு நின்ற சாம்பல் பூனை மருமகள். யார் யாரென்று சொல்லவே வேண்டாம், அந்த முழியே காட்டிக்கொடுத்தது.

“சீரியல் ரசிகருங்க நடத்துற வெப்சைட்ல வந்திருக்கு சார். கீழ பாருங்க, ‘ரோகிணி, கல்பாக்கம்’னு போட்டு உங்க வீட்டு போன் நம்பர். எங்க வீட்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.”

கேசவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பெண் பூனை வரைந்துகொண்டிருக்கிறாள். அதை ஆபீஸே வேடிக்கை பார்க்கிறது.

சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“பரீட்சைக்குப் படிக்கிற லட்சணமா இது? கண்டவனுக்கெல்லாம் போன் நம்பர் வேற! எங்க அந்தப் படமெல்லாம்?”

ரோகிணி கட்டிலுக்கடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தாள். “அப்பா, அது வந்து...”

“அப்பாகிட்ட எதிர்த்துப் பேசாதே” என்று அவள் அம்மா கல்யாணி சட்டென்று குறுக்கிட்டாள். “எடுத்துக் குடுத்துடு. இனிமே இந்த வீட்ல பூனையே இருக்காது. விடுங்க.”

கேசவன் ஒவ்வொரு படமாக எடுத்துக் கிழித்துப் போட்டார். ரோகிணி அழுதாள். கல்யாணி விளக்குமாற்றை எடுத்து வந்து துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். மனைவியாவது தன் பக்கம் நிற்கிறாளே என்று அவருக்கு ஆறுதலாக இருந்தது.

அன்றோடு ஒன்பது மணிக்கு டி.வி. போடுவதையும் கல்யாணி நிறுத்திவிட்டாள். மகளின் படிப்புக்காகத்தான் என்று கேசவன் மனதுக்குள் மெச்சிக்கொண்டார். போன் அடித்தால் மட்டும் ஈரக்கையோடு சமையலறையிலிருந்து ஓடி வருவாள். திருச்சியில் அவள் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சேதியை எதிர்பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது அவரே பக்கத்தில் இருந்தார்.

“வணக்கம் சார், சென்னையிலேருந்து பேசறேன். டி.வி.க்குக் குழந்தைங்க நிகழ்ச்சி ஒண்ணு எடுக்கறோம். அந்தப் பூனைப் படம் வரைஞ்சவங்ககிட்ட பேசணும். எங்க ஆர்ட்டிஸ்டுங்களும் முயற்சி பண்ணிட்டாங்க, அந்த முழி வர மாட்டேங்குது. வீட்ல இருந்தே வரைஞ்சு குடுத்தா போதும் சார்.”

“அப்படி யாரும் இங்க இல்லை.”

“நம்பர் இதுதானே சார் போட்டிருக்கு...”

“இல்லைன்னு சொல்றேன்ல? இனிமே கூப்பிடாதீங்க.”

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். முந்தானையில் கையைத் துடைத்தபடி கல்யாணி நின்றிருந்தாள்.

“யாருங்க?”

“ராங் நம்பர்.”

ரோகிணி நல்ல மார்க் வாங்கினாள். கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் சீட்டும் கிடைத்தது. அந்தக் கோடை விடுமுறையில்தான், சேனல் மாற்றிக்கொண்டே வந்த கேசவனின் விரல் ஓரிடத்தில் நின்றது. பூனைகள். வேறு யாரோ வரைந்தவை. காது இருந்தது, வால் இருந்தது, உயிர் மட்டும் இல்லை. அப்படியும் பக்கத்து வீட்டிலிருந்து அதே நிகழ்ச்சியின் பாட்டும் குழந்தைகளின் கூச்சலும் கேட்டன.

பெற்ற பெண்ணுக்குத் திறந்த கதவைத் தானே அறைந்து சாத்திவிட்டோமே என்று அவருக்குத் தோன்றியது. அப்புறம் அந்த நிகழ்ச்சி வந்தபோதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். கடற்கரை வரை நடந்தாலும் மனசு ஆறவில்லை.

மகள் ஹாஸ்டலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், புதுப்பட்டினம் கடைத்தெருவில் லட்சுமணன் கடைக்குப் போனார்.

“இன்னா சார், கலர் பெட்டி பாப்பாவுக்கா? பெரிசா எடுத்துக்கோ சார். எல்லா கலரும் கீது.”

பெரியதாகவே வாங்கினார். வீட்டுக்கு வந்து, ரோகிணி அடுக்கிக்கொண்டிருந்த சூட்கேஸின் மேல் வைத்தார்.

“நேரம் கெடைக்கறப்ப வரைம்மா. அப்பா அன்னைக்குக் கிழிச்சிருக்கக் கூடாது.” போன் வந்ததையும் சொல்லிவிடத்தான் நினைத்தார். அதற்குப் பதில், கலர் பெட்டியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை உரித்தெடுத்தார்.

ரோகிணி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்கு எதுக்குப்பா? எனக்கு ஒரு வட்டம்கூட ஒழுங்கா போட வராதே. பிரவுசிங் சென்டர்ல ஸ்கேன் பண்ணிப் போட்டதுதான் நான். தன் பேர் வேண்டாம், கூச்சமா இருக்குன்னு சொன்னா, அதான் என் பேரைப் போட்டேன். வரைஞ்சதெல்லாம் அம்மாப்பா.”

கேசவன் திரும்பினார். கட்டிலோரம் மகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்த கல்யாணி தலை நிமிரவில்லை.

“அதெல்லாம் இப்ப எதுக்குடி? அவர் கிழிச்சதுகூட எனக்குப் பெரிசாத் தெரியலை” என்றாள். “நம்பர் போட்டிருக்கியே, யாராவது ஒருத்தராவது கூப்பிட மாட்டாங்களான்னு நானும் ரொம்ப நாள் பார்த்தேன். யாருமே கூப்பிடலை. அவ்வளவு ஒண்ணும் நல்லா வரையலை போலிருக்கு.”