கஸ்மீரின் குரல்

கடலடிப் பாசித் தோட்டத்தில் வேலை பார்ப்பதற்காகச் செவுள் வைத்துக்கொண்ட கஸ்மீர், மூன்று மாதம் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிட்டுத் தூத்துக்குடியில் இருக்கும் வீட்டுக்கு வந்தான். கழுத்திலிருந்த செவுள்கள் மூடிக்கொண்டன. மூக்கு வழியாக மூச்சும் வந்துவிட்டது. குரல் மட்டும் வரவில்லை. இத்தனை நாள் சும்மா கிடந்த நுரையீரல், ஒரு சொல்லுக்கு வேண்டிய காற்றைக்கூடத் தள்ள மறுத்தது.

அவன் கடலில் இருந்தபோது பிறந்த மகளை, மனைவி ஜெனோவா அவன் மடியில் வைத்தாள்.

"பேரச் சொல்லி நீங்கதான் மொதல்ல கூப்புடணும்னு, இன்னும் ஒருத்தரையும் கூப்புட விடல."

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வராமல் மூடினான். கண் கலங்கிவிட்டது.

"ரெண்டு நாள்ல சரியாயிரும்னு டாக்டர் சொன்னாவல்ல? மொதல்ல சாப்புடுங்க" என்று ஜெனோவா அடுப்படிக்குப் போய், நண்டுக் குழம்புக்கு மிளகாய் வறுத்தாள்.

நெடி கூடத்துக்கு வந்து கஸ்மீரின் மூக்கில் ஏறியது. அவன் தும்மினான். அடுத்து வந்த தும்மலில் வீடே அதிர்ந்தது, நெஞ்சு திறந்துகொண்டது. குழந்தை வீறிட்டு அழுதது.

"ஸ்டெல்லா... ஸ்டெல்லாம்மா, அப்பாதான்டி!"

கரண்டியோடு ஓடி வந்த ஜெனோவா, "வந்ததும் வராததுமா புள்ளைய அழ வச்சிட்டீங்களே!" என்றாள்.

கஸ்மீர் சத்தமாகச் சிரித்தான். அதற்கும் அவனிடம் காற்று இருந்தது.