களை நட்ட பாத்தி

கொல்லையில் இரண்டு கத்தரிப் பாத்திகள் இருந்தன. அருமைநாயகத்தின் பாத்தியில் ஒரு புல்கூட இருக்காது. விடிந்ததும் குனிந்து எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிடுவார். அவர் மனைவி தங்கபுஷ்பத்தின் பாத்தியில் பருப்புக்கீரை பாய் விரித்த மாதிரி தானாகப் படர்ந்து கிடந்தது.

"இதுக்குப் பேரு பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

சித்திரை வெயிலில் அவருடைய செடிகள் துவண்டன. அவளுடையவை நிமிர்ந்து நின்றன. அவள் கடைக்குப் போன நேரத்தில் அந்தக் கீரையை விலக்கி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஈரமாக, குளுகுளுவென்று இருந்தது. நாலைந்து தண்டுகளைக் கிள்ளிவந்து தன் செடிகளைச் சுற்றி நட்டார். களைக்குத் தண்ணீர் ஊற்றும்போது யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் தரை மறைந்தது. செடிகள் தலைதூக்கின.

இன்று மதியம் கீரைக் கூட்டை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்.

"இவ்வளவு ருசியா எங்க பறிச்ச?"

"ஒங்க பாத்தியிலதான்."

எச்சில் கையோடு எழுந்து கொல்லைக்கு ஓடினார்.

"உக்காந்து சாப்பிடுங்க" என்றாள் அவள். "நான் ஒங்கள மாதிரி வேரோட புடுங்குத ஆளில்ல."